கரை என்று காட்டிய பட்டியல்

மீனவர் சங்கத்தின் சேர்வர் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் இதை எழுதுகிறேன்.

கட்டளைகள் உங்களுக்குத் தெரியும். என்னைவிடக் கூடத் தெரியும். நீங்கள் படித்து வந்தவர்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ஆனபடியால் லினக்ஸ் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை. ஒரு நாள் காலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அந்தக் காலையை நீங்கள் தெரிந்துகொண்டால் நான் வேலை செய்த காலம் முழுவதும் தெரிந்த மாதிரித்தான்.

நான் பரந்தன் சந்தியில் பற்றரி சார்ஜ் செய்து கொடுத்தவன். மீள்குடியேறி வந்த பிறகு முல்லைத்தீவில் ஒரு தொண்டு நிறுவனத்தின் அறைக்கு இன்வேட்டர் பூட்டப் போனேன். அங்கே மேசைக்குக் கீழே ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம் போகிற நேரமெல்லாம் அதைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். நின்றேன். அப்படியே பதினொரு வருடம் நின்றுவிட்டேன்.

மெஷினில் ஓடியது ஒரேயொரு இணையப் பக்கம். அது ஏன் செய்யப்பட்டது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன்.

எங்களுக்கு மூன்று இறங்குதுறைகள். வடக்குக் கரை, நடுக் கரை, தெற்குக் கரை. வாடைக்காலத்தில் நீரோட்டம் தெற்கே இழுக்கும். வடக்கில் கடலில் இறக்கிய படகு தெற்கில் கரையேறும். ஒரு வாடையில் இரண்டு பேர் திரும்பவில்லை. தெற்கில் ஏறியிருப்பார்கள் என்று வடக்குக் கரை இருந்தது. அவர்கள் அன்றைக்கு இறங்கவேயில்லை என்று தெற்குக் கரை இருந்தது. அடுத்த நாள்தான் தேடப் போனார்கள். படகு கிடைத்தது. ஆட்கள் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தப் பக்கம். ஒவ்வொரு கரையிலும் ஒரு ஆள் போனோடு நிற்பார். படகு இறங்கினால் ‘வெளியே’ என்று போடுவார். சிவப்பு. ஏறினால், எந்தக் கரையில் ஏறினாலும் சரி, அங்கே நிற்பவர் ‘கரை’ என்று போடுவார். பச்சை. அவ்வளவுதான். ஒரு பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும்.

ஆனால் பெயர் எடுப்பதுதான் கடினமாக இருந்தது. எங்கள் ஆட்களுக்குப் பட்டியல் என்றால் பயம். பெயர் எழுதுகிறவனைக் கண்டால் பின்வாசலால் போவார்கள். அதற்குக் காரணம் உண்டு. அது உங்கள் வீடுகளிலும் தெரியும். சங்கத்தின் செயலாளர் அருளப்பு கொப்பியோடு கரை கரையாகத் திரிந்தார்.

“பேரைத் தாங்கோ எண்டால் செத்துப்போன பாட்டன்ரை பேரைத் தாறாங்கள்,” என்று வந்து கதிரையில் விழுவார். “இந்தப் பட்டியலின்படி பாத்தால் கடலுக்குப் போறது முழுக்கப் பேயள்தான்.”

வாடைக்கு மட்டும் வந்து கரையில் வாடி என்கிற ஓலைக் குடில் போட்டுத் தங்குகிறவர்கள் இன்னும் மோசம். பளைப் பக்கத்திலிருந்து மாமனும் மருமகனுமாக இரண்டு பேர் வந்திருந்தார்கள். சின்னப் படகு. பெயரும் தரவில்லை, போன் இலக்கமும் தரவில்லை. அருளப்பு மன்றாடிப் பார்த்துவிட்டுப் பெயர்க் கட்டத்தில் ‘பளை’ என்று மட்டும் போட்டுவிட்டார்.

பக்கத்தை எழுதியது வவுனியாவில் இருந்த ஒரு பெண். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. எனக்கு ஐம்பத்திரண்டு. எனக்கு வேலை பழக்கியது அவர்தான், போனில். நான் தங்கச்சி என்பேன். அவர் அண்ணை என்பார். முதல் நாள் சொன்னது இது:

“அண்ணை, கட்டளையை முழுக்க அடியுங்கோ. எண்டரைத் தட்டாதேங்கோ. கையைத் தூக்கி மடியிலை வையுங்கோ. ஒருக்கா வாசியுங்கோ. பிறகு தட்டுங்கோ.”

“ஏன், சுடுமோ?”

“சுடாது. சுட்டால் பறவாயில்லையே, கையை எடுத்திடுவியள்.”

அன்றிலிருந்து கையை மடியில் வைத்துத்தான் வேலை செய்தேன். அறைக்கு வருகிறவர்கள் நான் கும்பிடுகிறேன் என்று நினைத்தார்கள்.

தொண்டு நிறுவனம் அறையை மூடப் போவதாக ஒரு கார்த்திகையில் அறிவித்தது. மெஷினைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சங்கம் தன் கட்டடத்தில் புது மெஷின் வைத்தது. பக்கத்தைப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றுவது என் வேலை. தங்கச்சி ஒரு தாளில் ஒன்பது வரி எழுதி பஸ்ஸில் கொடுத்துவிட்டார். போனில் சொன்னால் நான் விட்டுவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

ஐந்தாவது வரி: முதல் நாள் பின்னேரம் தரவு முழுவதையும் ஒரு பிரதி எடுத்துப் புதியதில் போடவும்.

ஆறாவது வரி: மாற்றுவதற்குச் சற்று முன் பழையதை நிறுத்தி, இன்னொரு பிரதி எடுத்து, அதையும் போடவும்.

ஒன்பதாவது வரியின் கீழே இரண்டு தரம் கோடு இழுத்திருந்தது: பழைய மெஷினை ஒரு கிழமைக்குத் தொட வேண்டாம்.

ஐந்தாவது வரியை முதல் நாள் பின்னேரம் செய்தேன். படகுகள் எல்லாம் ஏறியிருந்தன. பட்டியல் முழுக்கப் பச்சை. நல்ல நேரம் பார்த்துத்தான் எடுத்தேன்.

அடுத்த நாள் விடிய வானம் மூட்டமாக இருந்தது. போவதா விடுவதா என்று கரையில் கதை நடந்திருக்கிறது. சிலர் இறக்கினார்கள், சிலர் இறக்கவில்லை. எனக்கு அது தெரியாது. நான் எட்டு மணிக்குப் பழைய அறையைத் திறந்தேன். வாசலில் லொறி நின்றது. மேசை கதிரை ஏற்ற ஆட்கள் வந்திருந்தார்கள்.

“ஐயா, உந்தப் பெட்டியையும் ஏத்தவோ?”

“பொறுங்கோ.”

“எவ்வளவு நேரம்?”

“பொறுங்கோ எண்டனான்.”

முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார்கள். ஒருவர் வெற்றிலை சப்பிக்கொண்டு திரையைப் பார்த்தார். நான் ஏழாவது வரியில் இருந்தபடி பக்கத்தின் முகவரியைப் புதிய மெஷினுக்குத் திருப்பினேன். என் போனில் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். திறந்தது. பெயர்கள் இருந்தன. படகு இலக்கங்கள் இருந்தன. வடிவாக இருந்தது.

ஆறாவது வரியை நான் செய்யவில்லை. மறந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஏழாவது வரி சரிவந்ததும் ஆறாவது தேவைப்படாது என்று மனம் சொல்லிவிட்டது. பக்கம் திறக்கிறதா என்று பார்த்தேன். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

அடுத்தது ஒன்பதாவது வரி. ஒரு கிழமைக்குத் தொட வேண்டாம். ஆனால் லொறி நின்றது. அந்த மெஷினில் எங்கள் ஆட்களின் பெயர் இருந்தது, போன் இலக்கம் இருந்தது, யார் எந்த நேரம் எங்கே போனார் என்பது இருந்தது. அது எங்கே போகும், யார் கையில் நிற்கும் என்று எனக்குத் தெரியாது.

சண்டைக் காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்தபோது வீட்டைக் கழற்றிக்கொண்டு போனவர்கள். கதவு, யன்னல், கூரைத் தகரம், ஆணி. தூக்க முடியாததை விட்டோம். ஆனால் பெயர் எழுதிய தாளை மட்டும் ஒருவரும் விட்டுவிட்டுப் போகவில்லை. அடுப்பில் போட்டுவிட்டுத்தான் வெளிக்கிட்டோம். விட்டுப்போன ஒரு தாளால் ஆள் போன வீடுகள் எனக்குத் தெரியும். இடம் மாறுவது என்றால் எனக்கு அதுதான். எல்லாவற்றையும் எடு. எடுக்காததை அழி. திரும்பிப் பார்க்காதே.

சும்மா அழித்தால் மீட்டெடுக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் வட்டு முழுவதும் பூச்சியத்தை எழுதுகிற கட்டளையை அடித்தேன். கையை மடியில் வைத்தேன். ஒருமுறை வாசித்தேன். எழுத்துப் பிழை இல்லை. தட்டினேன்.

அரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது. பிறகு பெட்டியை நானே தூக்கி லொறியில் வைத்தேன். எனக்குப் பெரிய நிம்மதி.

சங்கத்துக்கு வந்தபோது ஒன்பதே கால். புது மெஷின் அறை உள்ளே. அருளப்புவின் மேசை முன்னறையில்.

“என்ன பற்றரியார், வீடு குடிபூரல் முடிஞ்சுதோ?”

“முடிஞ்சுது.”

“பால் காய்ச்சேல்லையோ?”

“தேத்தண்ணி இருந்தால் தாங்கோ.”

தேத்தண்ணி குடித்தோம். பத்து மணிக்கு அவருடைய போன் அடித்தது. வானிலை எச்சரிக்கை. காற்றுத் திடீரென்று கூடுகிறது, கடலில் நிற்கும் படகுகளை உடனே கரைக்கு எடுக்கச் சொல்லவும். அருளப்பு போனில் எங்கள் பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழே விரலால் இழுத்தார். நெற்றியில் சிலுவை போட்டார்.

“மாதா காத்தவா. முழுக்கப் பச்சை. ஒருத்தரும் வெளியிலை இல்லை.”

“ஒருத்தரும் இறங்கேல்லையோ இண்டைக்கு?”

“இறங்கியிருப்பாங்கள். மூட்டத்தைக் கண்டிட்டு ஓடி வந்திருப்பாங்கள். உயிர்ப்பயம் இல்லாதவன் ஆர்?”

அவர் நடுக் கரைக்குப் போன் எடுத்தார். அங்கே போனோடு நிற்பவர் சொன்னதைச் சத்தத்தில் போட்டார். எனக்கும் கேட்டது.

“ஓம் அண்ணை, நான் அஞ்சு படகு வெளியிலை எண்டு போட்டனான். இப்ப பாத்தால் அஞ்சும் கரை எண்டு கிடக்கு. தெற்காலை ஏறியிருப்பினம்.”

“பின்னை என்ன. நீ போய்ச் சாப்பிடு.”

தெற்காலை ஏறியிருப்பினம். அந்தச் சொல்லை நான் முன்பு கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லை ஒழிப்பதற்குத்தான் இந்தப் பக்கம் செய்யப்பட்டது. இப்போது பக்கமே அதைச் சொல்கிறது.

எனக்கு விளங்கியது. நான் போட்டது முதல் நாள் பின்னேரப் பட்டியல். அந்த நேரம் எல்லோரும் கரையில். விடிய இறங்கியவர்களின் சிவப்பெல்லாம் பழைய மெஷினில்தான் இருந்தது. பழைய மெஷின் முழுக்கப் பூச்சியம்.

சுவரில் மணிக்கூடு இருந்தது. பத்தே கால்.

நான் எழும்பி உள்ளறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். இதை வடிவாகக் கவனியுங்கள். அடுத்த அறையில் அருளப்பு இருந்தார். பத்து அடி. நான் அந்தப் பக்கம் போகவில்லை. கதவைச் சாத்தினேன்.

புது மெஷினில் தேடினேன். வேறு பிரதி எங்காவது இருக்குமா என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன். இருக்காது என்று எனக்குத் தெரியும். வைத்தவன் நான். இருந்தும் தேடினேன். ஒரே இடத்தை மூன்று தரம் தேடினேன். கையை மடியில் வைக்கவில்லை. யாருக்கும் தெரிய முன்பு சரிசெய்துவிடலாம் என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தக் குரல் உங்களுக்கும் கேட்கும். என் குரல் மாதிரியே இருக்கும்.

யன்னலுக்கு வெளியே தென்னை ஓலை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நான் அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பவும் தேடினேன்.

கடைசியில் வவுனியாவுக்கு எடுத்தேன்.

“தங்கச்சி, ஆறாவது வரியை விட்டிட்டன். பழசை அழிச்சும் போட்டன்.”



“படகுகள் எங்கை அண்ணை?”

“வெளியிலை நிக்குது. காத்து எழும்பீட்டுது.”

“சங்கத்துக்குச் சொல்லீட்டியளோ?”

“இல்லை. அதுக்கு முதல் எதையாவது எடுக்கேலுமோ எண்டு...”

“அண்ணை, போனை வையுங்கோ. முதல் அவையிட்டைச் சொல்லுங்கோ. பிறகு எனக்கு எடுங்கோ.”

வைத்துவிட்டார். ஏசவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. எனக்கு வேலை பழக்கியவர் எனக்குத் தந்ததில் பெரியது அந்த வெட்டிய போன்தான்.

கதவைத் திறந்தேன். பத்து முப்பத்து மூன்று. பதினெட்டு நிமிடம்.

“அருளப்பண்ணை. பட்டியல் பிழை. அது நேற்றையான் பட்டியல். ஆர் வெளியிலை நிக்கினம் எண்டு எனக்குத் தெரியாது. என்ரை பிழை.”

அவர் என்னைப் பார்த்தார். கோப்பை கையில் இருந்தது.

“உமக்கு எப்ப தெரியும்?”

“கொஞ்சம் முந்தி.”

“கொஞ்சம் எண்டால்?”

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு மூன்று கரைக்கும் ஒவ்வொன்றாக எடுத்தார். அவருடைய பகிடிக் குரல் போய்விட்டது. “பக்கத்தைப் பாக்காதை. மணலைப் பார். உன்ரை கரையிலை எந்தப் படகு இல்லை? எந்தச் சைக்கிள் நிக்குது? சொல்லு.” ஒரு பழைய கொப்பியில் எழுதினார். கோயில் மணியை அடிக்கச் சொன்னார்.

மணிச் சத்தத்துக்குப் பெண்கள் வந்தார்கள். முற்றம் நிறைந்தது. ஒவ்வொருவரும் தங்கள் ஆளின் பெயரைச் சொன்னார்கள். அண்ணன், மச்சான், மகன். அருளப்பு எழுதினார். அன்றைக்கு உண்மையான பெயர்கள் வந்தன. ஒருவரும் பாட்டனின் பெயரைச் சொல்லவில்லை.

கொப்பியில் பதினெட்டுப் படகுகள் சேர்ந்தன. அருளப்பு எண்ணிப் பார்த்தார். “இவ்வளவும்தானோ?” என்று கேட்டார். “இவ்வளவும்தான்,” என்றார்கள்.

எனக்கு அது போதவில்லை. நினைவில் வந்தவைதான் பதினெட்டு. நினைவில் வராதது எத்தனை என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த நேரம் ஜெசிந்தா என்கிற பெண் ஆட்களை இடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தார். தெற்குக் கரைக்காரி. கையில் போன்.

“எனக்கு இதுக்கொரு மறுமொழி சொல்லுங்கோ. எல்லாற்றை போனிலையும் இவர் கரை எண்டு கிடக்கு. என்ரை போனிலை மட்டும் வெளியிலை எண்டு கிடக்கு. எது உண்மை?”

“உம்மடை போனிலை எப்பிடி?” என்று அருளப்பு கேட்டார்.

“எனக்கென்ன தெரியும். காலமை ஆறரைக்குத் திறந்து பாத்தனான். அதோடை டேட்டா முடிஞ்சுது. பக்கம் அப்பிடியே கிடக்கு. நானும் பூட்டேல்லை. இவற்றை பேரைப் பாத்துக்கொண்டு இருந்தனான்.”

ஆறரை மணி. எல்லோரும் இறங்கிய பிறகு. நான் அழிக்க முன்பு.

“தங்கச்சி, அசையாதேங்கோ,” என்றேன். என் சத்தம் எனக்கே பயமாக இருந்தது. “போனிலை விரலை வையாதேங்கோ. ஒருத்தரும் அவவைத் தட்டாதேங்கோ.”

உங்களுக்கு விளங்கும். பக்கம் அந்தப் போனின் நினைவில் மட்டும்தான் இருந்தது. மேல் நுனியில் நின்றுகொண்டு இன்னும் கீழே இழுத்தால் பக்கம் தன்னைப் புதுப்பிக்கப் பார்க்கும். டேட்டா இல்லை. வெறுந்திரை வரும். பட்டியல் போய்விடும். வேறு ஏதாவது திறந்தாலும் போய்விடும். அழைப்பு வந்தாலும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. பற்றரி ஆறு வீதம். நான் பற்றரிக்காரன். சார்ஜர் வயரைச் செருகுகிற அசைவிலும் எனக்குப் பயமாக இருந்தது. செருகவில்லை.

“ஒருத்தரும் இவவுக்குப் போன் எடுக்காதேங்கோ,” என்று அருளப்பு கத்தினார்.

“எனக்கு ஆர் எடுக்கிறது, எடுக்கிற மனிசன் கடலிலை,” என்றார் ஜெசிந்தா. போனை மெல்ல என் பக்கம் நீட்டினார்.

போனை மேசையில் வைத்தோம். அருளப்பு தன் போனால் படம் எடுக்க ஆயத்தமாக நின்றார். நான் மேசைக்கு முன் இருந்து கையை மடியில் வைத்தேன். எண்ணவில்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிறகு ஒரு விரலால் மெல்ல நகர்த்தினேன். ஒரு திரை. படம். இன்னொரு திரை. படம். மேல் நுனி வரப்போகிறது என்று தெரிந்ததும் விரலை எடுத்துவிட்டேன். மேலே பாதிப் பெயர் மறைந்திருந்தது. பறவாயில்லை, இலக்கம் தெரிந்தது. படம்.



சிவப்பு பத்தொன்பது.

கொப்பியோடு ஒப்பிட்டோம். அருளப்பு வாசிக்க வாசிக்க நான் கோடு போட்டேன். கொப்பியில் இல்லாதது ஒன்று. இலக்கம் இருந்தது. பெயர்க் கட்டத்தில் ‘பளை’.

முற்றத்தில் அவர்களுடைய ஆள் ஒருவரும் இல்லை. இருக்க முடியாது. மனைவிமார் பளையில். மணி அடித்தால் அங்கே கேட்காது. சைக்கிளும் இல்லை, வாடியிலிருந்து நடந்துதான் போவார்கள்.

கரைகளில் திரும்ப விசாரித்தோம். பத்தொன்பதில் பதினைந்து அதற்குள் ஏதாவதொரு கரையில் ஏறியிருந்தன. மூன்று, போன் எட்டும் தூரத்தில் நின்றன. கூப்பிட்டதும் திரும்பின. அதில் ஒன்று ஜெசிந்தாவின் கணவருடையது. மனைவியிடம் பேச்சு வாங்கிய சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. மிஞ்சியது பளை.

“அவை தெற்காலை பாரடியிலைதான் வலை விடுறவை,” என்று நடுக் கரை ஆள் போனில் சொன்னார். கடலுக்குள் பார் என்கிற பாறைத்திட்டு இருக்கிற இடம் அது. இரண்டு எஞ்சின் பூட்டிய பெரிய படகுகள் இரண்டு போயின. பதினொரு மணி தாண்டியிருந்தது.

நான் கரைக்குப் போனேன். யாரும் என்னோடு பேசவில்லை. யாரும் ஏசவும் இல்லை. மழை வந்தது. கடல் எது வானம் எது என்று தெரியவில்லை. நான் சண்டைக்குள் இருந்தவன். பயம் எனக்குப் புதிதில்லை. ஆனால் அந்தப் பயத்தில் நான் ஓடலாம், படுக்கலாம், பதுங்கலாம். இந்தப் பயத்தில் நிற்பது மட்டும்தான் வேலை. நின்றேன்.

ஒரு மணிக்குக் கிட்டக் கொண்டுவந்தார்கள். இரண்டு பேரும் உயிரோடு. படகு கவிழ்ந்து, அதன் அடியைப் பிடித்தபடி கிடந்திருக்கிறார்கள். எஞ்சின் போய்விட்டது. வலை போய்விட்டது. பெரியவரின் நெஞ்சுக்குள் கடல்தண்ணீர் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை.

அன்று பின்னேரம் தங்கச்சிக்கு எடுத்தேன். “சொல்லிப்போட்டன்,” என்றேன். “ஓம் அண்ணை,” என்றார். “இனி ஆறாவது வரியைச் செய்வம்.” அன்றைக்கே செய்தோம். படம் எடுத்த பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு படகாகப் புதிய மெஷினில் போட்டோம்.

பிள்ளைகள், நான் உங்களிடம் விட்டுப்போகிற அறையில் இரண்டு மெஷின்கள் இருக்கின்றன. ஒன்றில் பக்கம் ஓடுகிறது. மற்றது ஏன் ஓடுகிறது என்று உங்களில் ஒருவர் கேட்டார். அன்றைக்குச் சங்கத்தில் வைத்த மெஷின்தான் அது. பக்கத்தை இந்தப் புதியதற்கு மாற்றி இரண்டு மாதம். யாரும் அதைப் பார்ப்பதில்லை. நான் அணைக்கவில்லை. பூட்டிய அறைக்குள் இருக்கிறது, பூட்டின் திறப்பு சங்கத்திடம். பெயர்களை அந்நியர் கையில் விடக் கூடாது என்ற பயம் எனக்கு இன்னும் உண்டு. அது சரியான பயம். அதற்கு வழி பூட்டு. நெருப்பு வேண்டாம். எப்போது அணைக்கலாம் என்று நீங்களே முடிவெடுங்கள். முடிவெடுக்கிற நேரம் வாசலில் லொறி நிற்கக் கூடாது.

பக்கம் திறந்தவுடன் சந்தோசப்படாதீர்கள். கரைக்குப் போன் எடுத்து, இந்த நிமிடம் கடலில் நிற்கும் ஒரு படகின் பெயரைக் கேளுங்கள். அது உங்கள் பக்கத்தில் சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். நான் அதற்குப் பிறகு ஒவ்வொரு தரமும் அப்படித்தான் செய்தேன். அரை நிமிட வேலை.

பிழை விடுவீர்கள். விடாமல் இருக்க ஏலாது. விட்டால் கதவைச் சாத்தாதீர்கள்.

இதோடு நிறுத்தலாம். ஆனால் ஒன்று இருக்கிறது. நான் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரியவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். மருமகன் பக்கத்தில் ஒரு போர்வையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும்.

“நான்தான் அந்தப் பக்கத்தைப் பாக்கிறவன்,” என்றேன். “பிழை என்னிலை. பத்தே காலுக்கு எனக்கு விளங்கீட்டுது. உடனை சொல்லேல்லை.”

“எவ்வளவு நேரம் தம்பி?”

“பதினெட்டு நிமிசம்.”

அவர் கூரையைப் பார்த்தார். மூச்சு எடுக்கும்போது நெஞ்சுக்குள் சத்தம் கேட்டது.

“பயந்திருப்பியள்,” என்றார்.

“ஓம்.”

“நாங்கள் படகு கவிழாமல் கனநேரம் தாக்குப் பிடிச்சனாங்கள். கவிண்டு கொஞ்சத்தாலைதான் உங்கடை படகு வந்தது. எவ்வளவு எண்டு எனக்குத் தெரியாது. என்ரை கையிலை மணிக்கூடு இல்லை.”

மருமகனின் கையில் மணிக்கூடு இருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவன் பார்த்தான். போர்வையை இழுத்துக் கையை மூடிக்கொண்டான்.

நான் கேட்கவில்லை.